படுக்கையருகே ஒரு திருப்பணி: மூளை அறுவை மருத்துவமும் செவிலியர் பயிற்சியும்

திருச்சபையின் மருத்துவ ஊழிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மருத்துவமனையை நிறுவியவரின் பெயரோடு தொடங்கி, கட்டடங்கள் திறக்கப்பட்ட ஆண்டுகளைக் கூறி முடித்துவிடுகின்றனர். மருத்துவரின் பெயர் அத்தியாயத்திற்குத் தலைப்பாகிறது. இரவும் பகலும் நோயாளரின் அருகில் நின்ற செவிலியரோ, 'மற்ற ஊழியர்கள்' என்னும் இரு சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றனர். இப்பழக்கம் நம் சபைகளின் ஆண்டுவிழா மலர்களிலும் தொடர்ந்து வருகிறது. இது மரியாதைக் குறைவு மட்டுமன்று, வரலாற்றுப் பிழையும் ஆகும் என்பதை ஒரு குறிப்பிட்ட துறையை எடுத்துக்கொண்டு இக்கட்டுரையில் காட்ட முற்படுகிறோம்.

நாம் எடுத்துக்கொள்வது மூளை அறுவை மருத்துவம். அதிலும், அறுவைக் கூடத்திற்குக் கொண்டுசெல்லக்கூட நேரமின்றி நோயாளரின் படுக்கையருகிலேயே செய்யப்படும் அவசரச் சிகிச்சைகளையும், அவற்றில் துணைநிற்கச் செவிலியர் பயிற்றுவிக்கப்பட்ட வரலாற்றையும் கருதுகிறோம். அறுவை மருத்துவர் ஒருவரின் கைத்திறனே எல்லாம் எனப் பலர் எண்ணும் துறை இது. ஆனால் இத்துறையே செவிலியரின் அறிவின்மேல் மிகுதியாகச் சார்ந்து நிற்கிறது. இந்தியாவில் இதன் வேர்கள் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் உள்ளன. துறையூர் போன்ற சிற்றூர்களில் ஊழியம் செய்யும் நமக்கு இவ்வரலாறு தொலைவானதாகத் தோன்றலாம். அது அவ்வாறன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

மண்டைக்குள் நெருக்கடி

மருத்துவம் பயிலாத வாசகரின் பொருட்டு முதலில் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. மண்டை ஓடு விரிந்து கொடுக்காத பெட்டி போன்றது. அதனுள் மூளையும், குருதியும், மூளையின் உள்ளறைகளில் ஊறிவரும் தெளிந்த நீரும் உள்ளன. இந்நீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் சுரக்கிறது. அதாவது மணிக்கு 20 மில்லிலிட்டர் அளவு. சுரப்பதற்கேற்ப அது குருதியில் கலந்து வடிந்துவிடுகிறது. ஆகையால் எந்த வேளையிலும் உடலில் இருப்பது சுமார் 150 மில்லிலிட்டர்தான். காசநோயால் மூளையுறை அழற்சியுற்றபோதோ, கட்டியொன்று வழியை அடைத்தபோதோ, மூளைக்குள் குருதி கசிந்தபோதோ நீர் வடியும் வழி தடைப்படுகிறது. சுரப்போ நிற்பதில்லை. பெட்டிக்குள் அழுத்தம் ஏறுகிறது. தலைவலி, வாந்தி, மயக்கம் எனத் தொடங்கிச் சில வேளைகளில் ஒரு மணி நேரத்திற்குள்ளேயே மூச்சு நின்றுவிடக்கூடும்.

இந்நிலையில் மருத்துவர் நெற்றிக்கு மேலே, பெரும்பாலும் வலப்புறத்தில், மண்டை ஓட்டில் சிறு துளையிட்டு, மூளையின் உள்ளறைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி நீரை வெளியே வடியவிடுகிறார். மூளையின் உள்ளறையைத் துளைத்து நீரை வடித்த முதல் முயற்சியாக மருத்துவ வரலாற்றாசிரியர் கூறுவது, பிரெஞ்சு நாட்டு மருத்துவர் லெ காட் என்பவர் 1744ஆம் ஆண்டில் ஒரு குழந்தைக்குச் செய்ததாகும். ஸ்வீடன் நாட்டு லுண்ட்பெர்க் 1960ஆம் ஆண்டில் இவ்வழியே மூளையழுத்தத்தைத் தொடர்ந்து அளந்து பதிவுசெய்யும் முறையை விரிவாக விளக்கினார். அதன்பின் நீரை வடிப்பதும் அழுத்தத்தை அளப்பதும் ஒரே குழாயால் நடைபெறலாயின.

துளையிடும் வேலை சில நிமிடங்களே. அதற்கு முன்னர், அழுத்தம் ஏறுகிறது என்று முதலில் கண்டறிபவர் யார்? குழாய் வைத்தபின் நாள்கணக்காக அதனைக் காத்து நிற்பவர் யார்? இரு வினாக்களுக்கும் விடை செவிலியரே. மருத்துவர் வந்து போகிறார், செவிலியர் உடனிருக்கிறார். இவ்வுண்மையின்மேல்தான் இத்துறையின் பயிற்சி முழுவதும் கட்டப்பட்டுள்ளது.

மேலைநாட்டில் கண்ட பாடம்

மூளை அறுவை மருத்துவத்தின் தந்தையரில் ஒருவராகப் போற்றப்படும் அமெரிக்கர் ஹார்வி குஷிங், 1901ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் பயின்றபோது, மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் குருதியழுத்தமும் கூடவே ஏறுவதைச் சோதனைகளால் நிறுவினார். நாடித்துடிப்போ மெதுவாகும். அதே பயணத்தில் இத்தாலியில் அவர் கண்ட குருதியழுத்தமானியைத் தம் நாட்டிற்குக் கொண்டுசென்று பரப்பினார். இதன் விளைவு கவனிக்கத்தக்கது. நாடியும் குருதியழுத்தமும் மூச்சும் எழுதப்படும் தாள், மூளைக்குள் நடப்பதைப் புறத்தே காட்டும் சாளரமாயிற்று. அத்தாளை எழுதும் கை செவிலியருடையதாயிற்று.

குஷிங்கின் மாணவரும் பின்னர் அவரோடு மாறுபட்டு நின்றவருமான வால்டர் டாண்டி, 1923ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், மூளை அறுவை முடிந்தோருக்கென மூன்று படுக்கைகள் கொண்ட தனிப் பகுதியை அமைத்தார். இன்று எல்லாப் பெரிய மருத்துவமனைகளிலும் காணப்படும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் முன்னோடியாக இதனைப் பலர் கருதுகின்றனர். கருவிகள் மிகுதியாக இல்லாத காலம் அது. அப்பகுதியைத் தனிப்பகுதியாக்கியது, அங்கே இடைவிடாது கண்காணித்த தேர்ந்த செவிலியர் கூட்டமே.

கனடா நாட்டு மான்ட்ரியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் 1934ஆம் ஆண்டில் நரம்பியல் நிறுவனம் ஒன்றைத் திறந்தார். அங்கே முதல் நாளிலிருந்தே செவிலியர் பணிக்குத் தலைமை தாங்கியவர் ஐலீன் ஃபிளானகன் அம்மையார். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவர் அப்பொறுப்பில் இருந்தார். அறுவை மருத்துவம் ஒருபுறம், செவிலியர் கல்வி ஒருபுறம் என்றில்லாமல், ஒரே கூரையின் கீழ் இரண்டும் சேர்ந்து வளர்ந்த இடம் அது. அந்நிறுவனத்தில் பயின்ற ஓர் இந்தியரே இக்கலையை நம் நாட்டிற்குக் கொண்டுவந்தார். அவர் வந்து சேர்ந்த இடம் ஏன் வேலூராக அமைந்தது என்பதை அறிய, அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அங்கு நடந்தவற்றை நோக்க வேண்டும்.

வேலூரில் செவிலியர் கல்வி

1870ஆம் ஆண்டில் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், 1900ஆம் ஆண்டில் மருத்துவராக வேலூருக்கு வந்து, ஒரே ஒரு படுக்கையோடு பணியைத் தொடங்கினார். அக்காலத்தில் அவருக்குத் துணைநின்றவர் சலோமி என்னும் இந்நாட்டுப் பெண் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. பள்ளியில் செவிலியம் பயின்றவர் அல்லர் அவர். அருகில் நின்று பார்த்தும் செய்தும் கற்றார். 1902ஆம் ஆண்டில் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை எழுந்தபோது, இவ்வகைக் கற்றல் போதாது என்பது தெளிவாயிற்று. 1909ஆம் ஆண்டில் டீலியா ஹூட்டன் அம்மையாரின் பொறுப்பில் செவிலியர் பள்ளி தோன்றியது. வேலூரில் பெண் மருத்துவர்களுக்கான பள்ளி 1918ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. அதாவது, அவ்வளாகத்தில் மருத்துவக் கல்வியைவிடச் செவிலியர் கல்வி ஒன்பது ஆண்டுகள் மூத்தது. இக்கால வரிசையை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

அந்நாளில் செவிலியர் பணி எவ்வாறு கருதப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிறருடைய மலசலத்தையும் சீழையும் குருதியையும் தொடும் வேலை, சாதியால் தாழ்ந்தோருக்கும் ஆதரவற்றோருக்கும் உரியது என்று சமுதாயம் தீர்த்திருந்தது. அந்நிய ஆடவரின் படுக்கையருகே இளம்பெண் இரவில் நிற்பதா என்ற கேள்வியும் எழுந்தது. இவற்றையும் மீறித் தொடக்கத்தில் முன்வந்தோரில் பெரும்பாலோர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களும் விதவைகளுமே. சுவிசேஷம் அவர்களுக்கு வேலையைக் கொடுத்தது என்று மட்டும் சொல்வது குறைவாகும். தொடத் தகாதது என்று ஒதுக்கப்பட்டதைக் கற்றறிந்த கரத்தால் தொடும் உரிமையை அது கொடுத்தது.

1946ஆம் ஆண்டில் வெளியான போர் குழுவின் அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் ஏறத்தாழ 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்ற நிலை இருந்ததை எடுத்துக்காட்டியது. அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்போடு வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கப்பட்டது. தில்லியிலும் அவ்வாண்டே இவ்வகைக் கல்லூரி ஒன்று தோன்றிற்று. செவிலியருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் எதற்கு என்று வினவியோர் அன்றும் இருந்தனர். மூன்று ஆண்டுகளுக்குள் அவ்வினாவிற்கு விடை வந்தது.

1949: இரு நீரோடைகள் கூடிய இடம்

கோட்டயத்தில் 1910ஆம் ஆண்டில் பிறந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபின், பாரசீக வளைகுடாவில் உள்ள பஹ்ரைன் தீவில் அமெரிக்க மிஷன் மருத்துவமனையில் டாக்டர் பால் ஹாரிசனோடு பணியாற்றினார். ஹாரிசன் அளித்த ஊக்கத்தால் மேற்படிப்புக்கு அமெரிக்கா சென்று, பின் மான்ட்ரியாலில் பென்ஃபீல்டிடம் மூளை அறுவை மருத்துவம் கற்றார். வேலூர்க் கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் இருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்தார். 1949ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை மருத்துவத் துறை வேலூரில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தி இத்துறையைத் தொடங்கினார். 1951ஆம் ஆண்டில் இவ்விருவரும் வேறு இரு மருத்துவரும் சேர்ந்து இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர்.

தலைநகரங்களில் அல்லாமல் ஒரு மாவட்ட நகரில், அரசின் பொருளுதவியோடு அல்லாமல் ஒரு மிஷன் மருத்துவமனையில் இத்துறை முதன்முதல் தோன்றியது எவ்வாறு? சாண்டியின் மனத்துணிவும் காக்ரேனின் தொலைநோக்கும் காரணங்கள் எனலாம். அவை உண்மையே. ஆயினும் மூன்றாவது காரணம் ஒன்றுண்டு. மூளை அறுவை முடிந்த நோயாளரை எவரிடம் ஒப்படைப்பது என்ற வினாவிற்கு வேலூரில் ஆயத்தமான விடை இருந்தது. நாற்பது ஆண்டுகளாகத் தொடர்ந்து நடந்துவந்த செவிலியர் பயிற்சியும், மூன்று ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பட்டப்படிப்பும் அங்கே இருந்தன. நினைவிழந்தவர் தம் வலியைக் கூற இயலாது. அவரைத் திருப்பிப் படுக்க வைக்காவிடில் புண் உண்டாகும், தொண்டையில் சேரும் சளியை அகற்றாவிடில் மூச்சடைக்கும், இமை மூடாத கண் உலர்ந்து கெடும். இவற்றை அறிந்தவர் இல்லாத இடத்தில் மிகச் சிறந்த அறுவையும் மூன்றாம் நாள் தோற்றுவிடும். ஆகவே 1949ஆம் ஆண்டை ஒரு மனிதரின் வருகையாக மட்டும் எழுதுவது பாதி வரலாறே ஆகும்.

பிற்காலத்தில் மூளை நரம்பியல் செவிலியம் தனிப் பயிற்சியாகவே வளர்ந்தது. இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகரித்துள்ள சிறப்புப் பட்டயப் படிப்புகளில் நரம்பியல் செவிலியமும் ஒன்று.

கண்ணே கருவியாக இருந்த காலம்

மண்டைக்குள் இருப்பதைப் படமாகக் காட்டும் சி.டி. ஸ்கேன் கருவி முதன்முதல் ஒரு நோயாளருக்குப் பயன்பட்டது 1971ஆம் ஆண்டில், லண்டனில். நம் நாட்டிற்கு அது வந்து பரவப் பின்னும் ஆண்டுகள் ஆயின. அதுவரையில் மூளைக்குள் குருதி கசிகிறதா, நீர் தேங்குகிறதா என்பதை நோயாளரின் உடலில் தோன்றும் குறிகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டியிருந்தது. பேச்சு குழறுகிறதா? கூப்பிட்டால் கண் திறக்கிறாரா? ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாகிவிட்டதா? ஒளிபட்டால் அது சுருங்குகிறதா? ஒரு பக்கத்துக் கையில் வலு குறைகிறதா? நள்ளிரவில் இவ்வினாக்களைக் கேட்டு விடையை எழுதி, முந்தைய மணியின் விடையோடு ஒப்பிட்டு, மருத்துவரை எழுப்புவதா வேண்டாமா என்று தீர்மானித்தவர் செவிலியர். எழுப்பத் தயங்கியிருந்தால் ஓர் உயிர் போயிருக்கும்.

இவ்வகைக் கவனிப்பு ஆளுக்கு ஆள் மாறுபட்டது பெரும் இடர்ப்பாடாக இருந்தது. 'அரை மயக்கம்' என்று ஒருவர் எழுதியதை அடுத்த முறைக்கு வந்தவர் வேறுவிதமாகப் பொருள்கொண்டார். ஸ்காத்லாந்து நாட்டு கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜெனட் என்னும் இரு மருத்துவர்கள் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகோல் இக்குறையைப் போக்கிற்று. கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றையும் தனித்தனியே மதிப்பிடும் இம்முறையில் இப்போது மிகக் குறைந்த மதிப்பு 3, மிக உயர்ந்தது 15. பட்டம் பெற்ற நிபுணர் மட்டுமன்றிச் செவிலியரும் இளம் மருத்துவரும் ஒரே நோயாளரைக் கண்டு ஒரே மதிப்பை எழுத முடியவேண்டும் என்பதே அதன் நோக்கம். அறிவு சிலருடைய தனியுடைமையாக இராமல் படுக்கையருகே நிற்பவர் எவருடைய கைக்கும் எட்டவேண்டும் என்ற எண்ணம் அதில் பொதிந்திருப்பதைக் காண்கிறோம்.

நம் நாட்டில் மூளையுறைக் காசநோய் கொடிய பகைவனாக இருந்துவந்துள்ளது. அதனால் மூளையில் நீர் தேங்கியோரை நினைவுநிலையையும் பிற குறிகளையும் கொண்டு நான்கு படிகளாக வகுத்து, அறுவையின் பயனை முன்கூட்டியே மதிப்பிடும் முறையை 1991ஆம் ஆண்டில் வேலூர் மருத்துவர்கள் வெளியிட்டனர். அது உலகெங்கும் 'வேலூர்ப் படிநிலை' என்ற பெயராலும் அறியப்படுகிறது. தெளிந்த நினைவா, மங்கிய நினைவா, ஆழ்ந்த மயக்கமா என்பதே அப்படிகளைப் பிரிக்கும் கோடு. அக்கோட்டை நாள்தோறும் மணிதோறும் கவனித்து எழுதுவது செவிலியரின் வேலை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பயிற்சியின் உள்ளடக்கம்

படுக்கையருகே செய்யப்படும் அவசரச் சிகிச்சைக்குச் செவிலியரை ஆயத்தப்படுத்துவது எளிதன்று. மூளை நோய்ப் பிரிவில் அன்றாடம் காண்பதைப் பொது வார்டில் பணிபுரிவோர் ஆண்டுக்கு ஓரிரு முறையே காண்பர். அரிதாக வரும் ஒன்றுக்கு எப்போதும் ஆயத்தமாயிருத்தல் என்பதே இப்பயிற்சியின் சாரம். ஆகவே சொற்பொழிவு மட்டும் போதாது. வெறும் படுக்கையையும் பொம்மையையும் வைத்துக்கொண்டு, இன்னார் இன்ன இடத்தில் நிற்பது, இன்னது செய்வது என்று திரும்பத் திரும்பப் பழகுவிக்கின்றனர்.

முதலாவது, கருவித் தட்டு. துளையிடும் கருவி, குழாய், வடிநீர்ப் பை, தையல் ஊசி, மரத்துப்போகச் செய்யும் மருந்து ஆகிய எல்லாம் கிருமிநீக்கப்பட்டு ஓரிடத்தில் இருக்கவேண்டும். தேடும் ஒவ்வொரு நிமிடமும் நோயாளருடையது. இரண்டாவது, தலையின் நிலை. தலை அசையாமலும் கழுத்து ஒருபுறம் மடியாமலும் பிடிக்கவேண்டும், ஏனெனில் கழுத்து மடிந்தால் குருதி மூளையிலிருந்து இறங்குவது தடைப்பட்டு அழுத்தம் மேலும் ஏறும். மூன்றாவது, மருத்துவரின் கண் துளையின்மேல் இருக்கும்போது நோயாளரின் முகத்தின்மேல் இருக்கவேண்டிய கண் செவிலியருடையது. மூச்சு மாறினாலோ நாடி தளர்ந்தாலோ உடனே அறிவிக்கவேண்டியவர் அவரே.

நான்காவது, குழாய் வைத்தபின் அதன் உயரம். வடிநீர்க் கருவியின் தொடக்கப் புள்ளியைக் காதுத் துளையின் மட்டத்திற்கு இணையாக வைத்து, மருத்துவர் குறித்த அளவுக்கு உயர்த்த வேண்டும். மிகவும் தாழ்ந்தால் நீர் மிகுதியாக வடிந்து, மூளையின் உள்ளறை சுருங்கிக் குருதிக் கசிவு உண்டாகலாம். மிகவும் உயர்ந்தால் நீர் வடியாமலே நின்றுவிடும். படுக்கையின் தலைப்பக்கத்தை யாரேனும் உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் இந்த மட்டம் மாறிவிடும். நோயாளரைத் திருப்பும்போது குழாயை அடைத்துக்கொண்டு, திருப்பியபின் மறவாமல் திறக்கவேண்டும். வடிந்த நீரின் அளவும் நிறமும் மணிதோறும் எழுதப்பட வேண்டும். தெளிந்த நீர் கலங்கினால் கிருமி புகுந்திருக்கலாம், சிவந்தால் குருதி கசிந்திருக்கலாம்.

ஐந்தாவது ஒன்றுண்டு. அதுவே மிகக் கடினமானது. கையுறை அணிந்த மருத்துவரின் விரல் கிருமிநீக்கப்படாத துணியில் பட்டுவிட்டால், 'ஐயா, நிறுத்துங்கள். கையுறையை மாற்றவேண்டும்' என்று செவிலியர் சொல்லவேண்டும். மருத்துவர் எவ்வளவு மூத்தவராயினும் சொல்லவேண்டும். மூளைக்குள் கிருமி புகுந்தால் விளைவது மரணமாகவும் இருக்கலாம். பெரியோர்முன் வாய் திறவாதிருப்பதே பண்பு என்று வளர்க்கப்பட்ட நம் பெண்களுக்கு இத்துணிவைக் கற்பிப்பது, துளையிடக் கற்பிப்பதைவிடக் கடினமானது. இத்துணிவு இல்லாத இடத்தில் மற்ற நான்கு பாடங்களும் பயனற்றுப் போகக்கூடும்.

துறையூரிலிருந்து நோக்கும்போது

துறையூர், பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் அருகே அமைந்த ஊர். கொல்லிமலையில்தான் ஜெசி பிராண்டும் அவர் துணைவியார் ஈவ்லின் அம்மையாரும் ஊழியம் செய்தனர். அவர்களுடைய மகன் பால் பிராண்ட் அங்கே 1914ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தை 1929ஆம் ஆண்டில் காய்ச்சலால் மலையிலேயே மரித்தார். அம்மையார் முதுமையிலும் கொல்லிமலையோடு நில்லாமல் பச்சைமலை, கல்வராயன் மலை எனச் சென்று ஊழியம் புரிந்து, 1974ஆம் ஆண்டில் 95ஆம் வயதில் மறைந்தார். மகன் 1946ஆம் ஆண்டில் அறுவை மருத்துவராக வேலூருக்கு வந்தார். அவரை அழைத்தவரும் சாண்டியை அழைத்த அதே காக்ரேன்தான். இவ்வாறு, நம் மலையடிவாரத்தின் கதையும் வேலூரின் கதையும் ஒன்றையொன்று தொட்டுச் செல்கின்றன.

ஆனால் தொலைவு தொலைவே. துறையூரிலிருந்து வேலூர் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ 45 கிலோமீட்டர். சாலையில் விழுந்து தலையில் அடிபட்ட இளைஞர் ஒருவருக்கு இத்தொலைவே வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலான கணக்கு. முன்னேற்றங்கள் பல நிகழ்ந்துள்ளன என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறோம். திருச்சியில் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி 1997ஆம் ஆண்டில் தோன்றியது. 2008ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தி வந்தது. விபத்துக்குள்ளானோரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் அரசுத் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. ஆயினும் ஊர்தியும் பணமும் நோயாளரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவே. வழியில் மூச்சுப்பாதையைக் காப்பதும், சிற்றூர் மருத்துவமனையில் முதல் மணி நேரத்தில் கண்பாவையைப் பார்த்து எழுதுவதும், 'இவர் இங்கே தாமதிக்கக் கூடாது' என்று உரத்துச் சொல்வதும் பயிற்சி பெற்ற செவிலியர் செய்யவேண்டியவை. பெரிய மருத்துவமனையில் துளையிடப்படும் நேரம், சிற்றூரில் எழுதப்படும் முதல் குறிப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

'உதவி' என்னும் சொல்

இனி இறையியல் மாணவராகிய நம்மை நோக்கி எழும் வினாவிற்கு வருகிறோம். அறுவையில் செவிலியர் 'உதவுகிறார்' என்கிறோம். உதவி என்றால் தாழ்ந்தது, துணையானது, இன்றியும் நடக்கக்கூடியது என்ற பொருள் நம் வழக்கில் ஏறிவிட்டது. புதிய ஏற்பாட்டில் 'டியாகோனியா' என்னும் கிரேக்கச் சொல் பணிவிடையைக் குறிப்பது. அதே சொல்லே திருச்சபையின் ஊழியம் முழுவதற்கும் பெயராயிற்று. கெங்கிரேயா சபையைச் சேர்ந்த பெபேயாளைப் பவுல் அறிமுகப்படுத்துகையில் இச்சொல்லின் இனத்தைச் சேர்ந்த சொல்லையே வழங்குகிறார். ஆண்டவர் தம் சொந்தப் பணியையும் இச்சொல்லாலேயே விளக்கினார். உதவி என்பது தாழ்வானால், சிலுவையும் தாழ்வான வேலையே.

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நால்வரை நோக்குவோம். நோய் நீக்கியவர் கிறிஸ்து. ஆனால் கூரையைத் திறக்கத் தெரிந்தவரும், படுக்கையின் நான்கு மூலைகளையும் ஒரே சீராக இறக்கத் தெரிந்தவரும் அந்த நால்வரே. ஒருவர் சற்று முந்தியிருந்தாலும் நோயாளி சரிந்து விழுந்திருப்பார். அவர்களுடைய விசுவாசத்தை ஆண்டவர் கண்டார் என்று சுவிசேஷகர் எழுதுகிறார். அவர் கண்டது அவர்களுடைய கைவேலையை. விசுவாசம் அங்கே திறமையாக வெளிப்பட்டது. பெயர் எழுதப்படாத அந்நால்வரின் வழித்தோன்றல்களாக நம் செவிலியரைக் காண்பது பொருத்தமே. ஆனால் பெயர் எழுதப்படாததை அவர்களுடைய பெருமையாக்கி, அவர்களுடைய கல்வியையும் ஊதியத்தையும் மறந்துவிடுவது பொருந்தாது. தியாகம் என்னும் சொல்லைப் பிறருடைய தலையில் சுமத்துவது எளிது. மிஷன் மருத்துவமனைகளில் குறைந்த ஊதியத்திற்கு அச்சொல்லே சாக்காக வழங்கியதும் உண்டு. பயிற்சி பெற்றோர் அயல்நாடுகளுக்குச் செல்வதை மேடையில் கண்டிக்குமுன், இங்கே அவர்களுக்கு நாம் வைத்த மதிப்பு என்ன என்பதைச் சபை தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊழியர் செய்யத்தக்கவை சில உண்டு. படுக்கையருகே அவசரச் சிகிச்சை நடக்கும்போது போதகர் அங்கு இருக்க நேரிடலாம். அவ்வேளையில் கிருமிநீக்கப்பட்ட துணியருகே நின்று கைவைத்து ஜெபிக்க முயல்வது அன்பாகாது. அப்போது போதகரின் இடம் கதவுக்கு வெளியே, 'மண்டையில் துளை போடுகிறார்களாம்' என்று நடுங்கி நிற்கும் தாயின் அருகில் உள்ளது. ஏன் துளையிடுகிறார்கள், அதனால் மூளை எவ்வாறு காக்கப்படுகிறது, என்னென்ன ஆபத்துகள் உண்டு என்று மருத்துவர் கூறியதை அவருக்கு விளங்கும் தமிழில் எடுத்துரைக்கத் துணைசெய்யலாம். விளங்கிக்கொண்டு இசைவதற்கும் அஞ்சிக் கைநாட்டு வைப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அதற்கு நாமும் சிறிது கற்றிருக்க வேண்டும்.

சபைகள் செய்யத்தக்கவையும் உண்டு. செவிலியர் படிப்புக்குச் செல்லும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி அளிக்கும் சபைகள் பல. படிப்பை முடித்து ஊரருகே பணிபுரிவோர் சிறப்புப் பயிற்சிக்குச் செல்லவும் அதே கை நீளவேண்டும். ஆண்டுவிழா மலர் அடுத்த முறை அச்சேறும்போது, 'மற்ற ஊழியர்கள்' என்ற தலைப்பை நீக்கி, வார்டுகளில் இரவு விழித்தோரின் பெயர்களை அவர்கள் பணிபுரிந்த ஆண்டுகளோடு எழுதலாம். ஓய்வுபெற்ற செவிலியர் இன்னும் நம் சபைகளில் இருக்கின்றனர். அவர்கள் நினைவில் உள்ளவற்றைக் கேட்டுப் பதிவுசெய்வது இறையியல் மாணவர் மேற்கொள்ளத்தக்க நல்லதோர் ஆய்வுப் பணி. அவ்வாறு பதிவாகும்வரை நம் திருமண்டலங்களின் மருத்துவ ஊழிய வரலாறு நிறைவுபெற்றதாகக் கொள்ள இயலாது.